வலப்பக்கம் பிரியும் ஒரு பாயின்ட்

1

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பார்க்கிங்கில் பூசணிக்காய் உடைக்கக் கூடாது, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள் நசுங்கிய தோலை அவரவரே பொறுக்கிக்கொள்ள வேண்டும் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருந்தார்கள். தமிழில் இல்லை. பூசணிக்காய் உடைக்கிறவர்களில் பாதிப் பேர் நாங்கள்தான். அதனாலோ என்னவோ, மறுநாள் பார்க்கிங் முழுக்கப் பூசணிக்காய்தான்.

என் மனைவி செல்வி காருக்கும் வாஷிங் மெஷினுக்கும் என் ஆபீஸ் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, உள் அறைக்குப் போய் உள்ளங்கை நீளமுள்ள ஒரு ரயில் என்ஜினுக்கும் பொட்டு வைத்தாள்.

"போன வருஷம் இதே ஆயுத பூஜைக்குத்தானே மாமாவ கூட்டிட்டு வந்தோம்" என்றாள்.

மாமா என்றது என் அண்ணனை. அவர் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேறு யாரையோ பற்றிய பேச்சைக் கேட்பதுபோல் மரியாதையாகத் தலையசைத்தார்.

பெங்களூரில் இருந்துகொண்டு என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொன்னால் விழுப்புரத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். தெரியும். கனடாவில் பனி கொட்டுகிறது என்று எழுதினால் உச்சுக் கொட்டுவீர்கள், ஓசூரைத் தாண்டி அரை மணியில் இருப்பவனுக்கு என்னடா ஏக்கம் என்பீர்கள். ஊருக்கு வந்தால் நான் பெங்களூர்க்காரன். இங்கே தண்ணீர்த் தகராறு வருகிற வருஷங்களில் கார் நம்பரைப் பார்த்து ஓரங்கட்டுவார்கள். அந்த நம்பரை மாற்றுவதற்காக இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் நடந்து நடந்து, மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்தால், திண்டிவனத்தில் அதே காரைக் கர்நாடகா வண்டி என்று நிறுத்துகிறார்கள். பாஸ்போர்ட் இல்லாமலே அந்நியனாக இருக்கும் வசதி எங்களுக்குத்தான் உண்டு.

என் மகள் காவ்யாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் இதைப் படிக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஒரு பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் தேடிய கதை இது.

2

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பா ரயில்வேயில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலை அண்ணனுக்கு வந்தது. எங்களுக்குள் பதினைந்து வயது வித்தியாசம். கொஞ்ச நாளில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர்தான். அவர் கேபினில் டியூட்டி பார்த்தார், நான் அவர் வருகிறவரை சாப்பிடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா சோறு கொடுத்தாலும் தொடமாட்டேனாம். அண்ணன் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கேபின் என்பது ஸ்டேஷனின் கோடியில் மாடி வைத்த சின்னக் கட்டடம். உள்ளே ஆள் உயர லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒரு லீவரை இழுத்தால் தூரத்தில் தண்டவாளம் நகரும், வண்டி மெயின் லைனிலிருந்து பிரிந்து பக்கத்து லூப் லைனுக்குள் வரும். அந்தப் பிரியும் இடத்துக்குத்தான் பாயின்ட் என்று பெயர். லீவரை வெறுங்கையால் தொடமாட்டார்கள். வேர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று ஒரு துணியை வைத்துத்தான் பிடிப்பார்கள். அண்ணன் தோளில் எப்போதும் அந்தத் துணி கிடக்கும். கல்யாணத்தன்றே அதைத் தேடினார் என்று அண்ணி கேலி செய்வாள்.

இன்னொரு வழக்கம். டியூட்டி நேரம் முடிந்தாலும், அடுத்த ஆள் வந்து சார்ஜ் எடுக்காமல் கேபினை விட்டு இறங்கக் கூடாது. வருகிறவரை ரிலீவர் என்பார்கள். அவரிடம் எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது, எது காலி, எது வந்துகொண்டிருக்கிறது என்று வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். ரிலீவர் வரவில்லையென்றால் இன்னொரு டியூட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். அண்ணன் அப்படி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். தீபாவளி கழிந்து வீட்டுக்கு வந்து, ஆறிப்போன பலகாரத்தை என்னோடு தின்றிருக்கிறார்.

ரிடையர் ஆனார். அண்ணி போனாள். பிள்ளைகள் இல்லை. பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு அண்ணி இறந்துபோனது. தெரிந்தவர்கள் போன் செய்தார்கள், உங்கள் அண்ணன் ரயில்பாதை ஓரம் போய்க் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று. போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் பத்தாவது மாடி, கேட்டில் செக்யூரிட்டி, பக்கத்தில் ஆஸ்பத்திரி. பத்திரமாக இருப்பார் என்று நினைத்தேன்.

ஆனால் ஓசூர் பக்கம் போகும் ரயில்பாதை எங்கள் பால்கனிக்கு எதிரே, கட்டடங்களுக்குப் பின்னால் எங்கேயோ ஓடுகிறது. தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் டிராஃபிக் சத்தத்துக்கு நடுவே ஹாரன் மட்டும் கேட்கும். பல வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை. அண்ணன் முதல் நாளே கேட்டார்.

"எக்ஸ்பிரஸ் அவுட்டர்ல நின்னுகினு கூவுது. யாரும் இல்லியா? லைன் குடுங்கடா."

அவுட்டர் என்பது ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் சிக்னல். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்தால் இதுதான். தட்டைத் தள்ளிவிடுவார். கதவைத் தட்டுவார். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு இவர் எப்படிச் சாப்பிடுவார்?

3

காவ்யாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஜெர்மனிக்கு ஆபீஸ் வேலையாகப் போயிருந்த நண்பர் ஒரு ரயில் செட் வாங்கி வந்தார். ஒரு என்ஜின், மூன்று பெட்டி, வட்டமாக ஓட ஒரு தண்டவாளம். அவள் ஒரு லீவு முழுக்க அதோடு விளையாடினாள், பிறகு பரணில் போட்டோம். காவ்யா வேலை கிடைத்துப் புனேக்குப் போனபின் அவள் அறையைத்தான் அண்ணனுக்குக் கொடுத்தோம். அந்த அறையின் பரணில் இருந்ததை இறக்கி, பழைய கட்டில் பலகையைப் போட்டு, அதன்மேல் ஓடவிட்டேன். எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைவிட எப்படிப் போவது?

அண்ணன் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். வந்தபிறகு முதல் தடவையாகக் கைநடுக்கம் நின்றது. ஒரு டவலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். செல்வி கதவோரம் நின்று அழுதாள். எனக்கோ ஏதோ பெரிய வைத்தியத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

அந்தப் பெருமை சாயங்காலம் ஹாரன் கேட்கிறவரைதான்.

"பாசஞ்சர் மெயின்லயே சுத்திகினு இருக்கு. எக்ஸ்பிரஸ எப்டி வுடறது? பாசஞ்சர லூப்புல வாங்கு" என்றார்.

"லூப் இல்லண்ணா இதுல."

"லூப் இல்லாம ஸ்டேஷனா? இன்னாடா சொல்ற?"

எக்ஸ்பிரஸ் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். பாசஞ்சர் கண்ணெதிரே மெயின் லைனில் இருக்கும்போது அது எப்படிப் போகும் என்று கேட்டார். மறதி வந்தவர்தான், முட்டாள் இல்லை. ரயிலை நிறுத்தினேன். "மெயின்ல நிறுத்திட்டியே, பாவி" என்று எழுந்துவிட்டார். ரயிலை எடுத்து ஒளித்தேன். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஒரு பாசஞ்சர் வண்டியையே காணோம் என்றால் அவர் எங்கே என்று தேடுவார்? கட்டிலுக்கு அடியில், பாத்ரூமில், ஃபிரிட்ஜில் எல்லாம் தேடினார். திரும்ப எடுத்து ஓடவிட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

வழி கண்டுபிடித்தது செல்விதான். கடையிலிருந்து ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கி வந்தாள். சாயங்காலம் அதில் சோற்றை அடுக்கி, "மாமா, கேபினுக்குச் சாப்பாடு வந்திருக்கு" என்று நாற்காலி பக்கத்தில் வைத்தாள். டியூட்டியில் இருக்கிறவருக்குச் சாப்பாடு கேரியரில் வருவதுதானே வழக்கம்? கண்ணை ரயிலை விட்டு எடுக்காமல் நாலு வாய் சாப்பிட்டார். நாலு வாய்தான். அதற்குமேல் எக்ஸ்பிரஸ் நினைப்பு வந்துவிடும். மெலிந்துகொண்டே வந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

இந்தப் பொம்மையில் ஒரு லூப் லைன் போட்டு, பாசஞ்சரை ஒதுக்கி நிறுத்திவிட்டால் மனுஷன் நிம்மதியாக ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுவார் என்று எனக்குத் தோன்றியது. லூப்புக்கு வேண்டியது இரண்டு பாயின்ட், கொஞ்சம் நேர் தண்டவாளம். போய் வாங்கினால் ஆயிற்று என்று கிளம்பினேன்.

4

பொம்மைத் தண்டவாளத்திலும் சாதி உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. ரயிலின் அகலம் ஒன்றுதான், எல்லா ரயிலும் எல்லாத் தண்டவாளத்திலும் ஓடும். ஆனால் ஒரு கம்பெனித் தண்டவாளம் இன்னொன்றோடு ஒட்டாது. எங்களிடம் இருந்தது, ஜல்லிபோல் சாம்பல் நிற பிளாஸ்டிக் படுகையோடு சேர்ந்து, ஓரத்தில் கொக்கி வைத்து மாட்டுகிற ரகம். அந்தக் கொக்கியைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. புது ரகம் இதோடு சேராது. முழு வட்டத்தையும் மாற்றிவிடலாம் என்றால், புது ரகத்தில் வளைவுகள் கிடைத்தன, பாயின்ட் கிடைக்கவில்லை. இணையத்தில் எந்தக் கடையைத் திறந்தாலும் படத்துக்குக் கீழே இருப்பு இல்லை என்று சிவப்பாக இருக்கும். வந்தால் தெரிவிக்கிறோம் என்பார்கள். ஒருவரும் தெரிவிக்கவில்லை.

பெங்களூரில் இந்த மாதிரிப் பைத்தியங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் வசதியானவர்கள், வீட்டுக்குள் ஓர் அறை முழுக்க மலை, சுரங்கம், ஊர் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய குழுவில் சேர்ந்து கேட்டேன். பரிதாபப்பட்டார்கள். பாயின்ட் வைத்திருந்தவர்கள் வைத்திருப்பதைச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், மர்பி டவுனில் குணசேகர் என்று ஒருவர் இருக்கிறார், பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது சாமான் எடுப்பவர், போய்ப் பாருங்கள் என்றார்.

மர்பி டவுனில் அந்தச் சந்துக்குள் நுழைந்ததுமே தமிழ். குழாயடியில் தமிழ், டீக்கடையில் தமிழ். இந்த நகரத்தில் இத்தனை வருஷமாக இருந்தும் நான் அங்கே போனதில்லை. எங்கள் பக்கத்துக் கம்பெனித் தமிழர்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கு எங்களைத் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. தாத்தா காலத்திலேயே வந்தவர்கள். புலம்பெயர்ந்தேன் அது இதுவென்று அவர்களிடம் பேசினால் சிரிப்பார்கள்.

குணசேகரின் வீட்டு முன்னறையில் உடைந்த கிராமபோன், மானின் தலை, பொம்மை வண்டிகள். ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். தண்டவாளத் துண்டுகள். அந்தக் குவியலில், எங்கள் கொக்கியோடு, ஒரு பாயின்ட்.

"இது லெஃப்ட்டா, ரைட்டாங்க?" என்று கேட்டேன்.

"லெஃப்ட்டோ ரைட்டோ, வளையுது இல்ல குரு? சாக்கு!" என்று, போதும் என்பதைக் கன்னடத்தில் சொன்னார் குணசேகர்.

"ரெண்டும் வேணுமேங்க. லூப்புக்கு ஒரு பக்கம் லெஃப்ட், ஒரு பக்கம் ரைட்."

"ஒண்ணுதான் கீது குரு. இன்னொண்ணு வந்தா போன் பண்றேன். யாராவது பெரிய மனுசன் போனாத்தான் வரும். வேண்டிக்கவும் முடியாது, பாரு."

அது இடப்பக்கம் பிரிகிற பாயின்ட். வீட்டுக்கு வந்து அன்றே மாட்டினேன். ஒரு பக்கம் மட்டும் பிரிந்து உள்ளே போய் முட்டிக்கொண்டு நிற்கிற லைன். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"டெட் எண்ட். இதுல பாசஞ்சர வாங்கினா எப்டி வெளிய அனுப்புவ? வழி இருந்தாத்தான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டவல் தோளிலேயே இருந்தது.

5

வலப்பக்கப் பாயின்ட்டைத் தேடி அலைந்ததில் மழைக்காலம் போயிற்று. கடைசியில் வெளிநாட்டில் ஒருவர், பழையது ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். அது சுங்கத்தில் நின்றது.

போய் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் பொட்டலத்தின்மேல் எழுதியிருந்ததைக் கன்னடத்தில் வாய்விட்டுப் படித்தார். ரயில்வே பாயின்ட், ஒன்று. ரயில்வே சாமான் இறக்குமதி செய்ய ரயில்வேயின் அனுமதி இருக்கிறதா என்றார்.

"ஆட்டிகெ சார், ஆட்டிகெ" என்றேன். பொம்மை என்பதற்கு எனக்குத் தெரிந்த கன்னடம் அதுதான்.

பொம்மையென்றால் குழந்தைகளுக்கு ஆபத்தில்லை என்ற சான்றிதழ் வேண்டுமே என்றார். குழந்தைக்கு இல்லை, அண்ணனுக்கு என்றேன். அண்ணனுக்கு என்ன வயது என்றார். எழுபது என்றேன். அவர் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் அண்ணனின் மறதியையும் அவுட்டரில் நிற்கும் எக்ஸ்பிரஸையும் விளக்க ஆரம்பித்தேன். கன்னடம் தீர்ந்துபோனதும் தமிழில் தொடர்ந்தேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "ஆய்த்து, ஆய்த்து" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

காரிலேயே பிரித்தேன். அதுவும் இடப்பக்கம்தான்.

அனுப்பியவர் மேல் தப்பில்லை. கேட்டது நான். ரயில் வெளியே வருகிற முனையில் நின்று பார்த்தேன், லூப் இடப்பக்கமிருந்து வந்து சேர்கிறது, ஆகவே இடப்பக்கப் பாயின்ட் என்று எழுதிவிட்டேன். பாயின்ட்டை எப்போதும் பிரிகிற திசையில் பார்த்துத்தான் இடம் வலம் சொல்ல வேண்டும், சேர்கிற திசையில் பார்த்துச் சொல்லக் கூடாது. மர்பி டவுனில் இரண்டும் வேண்டும் என்று அவ்வளவு சரியாகச் சொன்னவன் நான்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், எனக்கா தெரியாது என்று, எழுதும்போது யாரையும் கேட்கவில்லை. இரண்டு இடதுகால் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6

காவ்யா மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அவள் அம்மா எடுத்தால் தமிழுக்கு வருவாள், நடுவே அறைத்தோழியிடம் இந்தியில் ஏதோ சொல்வாள். எந்த மொழியிலும் என்னிடம் சொல்ல அவளுக்கு அதிகம் இருப்பதில்லை. என்னிடமும் பாயின்ட்டைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போயிற்று.

கோடையில் லீவு போட்டுவிட்டு வந்தவள் தன் அறையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவள் மேசையில் மருந்துகள், அவள் கட்டில் பலகையில் தண்டவாளம். "என் ரூம்ல என்னோடது ஒண்ணுமே இல்லப்பா" என்றாள்.

"ரயில் உன்னோடதுதானே" என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக நினைப்பு.

அண்ணன் அவளை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து எழுந்து நின்றார். ஹாலில் சோபாவில் படுத்து எழுந்து, சொன்ன நாளுக்கு முன்பே கிளம்பிவிட்டாள். சின்ன வயதில் பெரியப்பா தோளில் உட்கார்ந்து கேபின் பார்த்தவள்.

இந்த ஆயுத பூஜைக்கு அவள் வருவதாகவே சொல்லவில்லை. செல்வி என்ஜினுக்குப் பொட்டு வைத்து முடித்த கொஞ்ச நேரத்தில் காலிங்பெல் அடித்தது. முதுகுப்பையோடு காவ்யா. ஷூவைக்கூடக் கழற்றாமல் பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"புனேல ஒரு ஆன்ட்டி, அவங்க ஹஸ்பண்ட் கலெக்‌ஷன விக்கிறாங்க. அவர் இல்ல இப்போ. நாலு சண்டே போய்த் தேடினேன். ரைட் ஹேண்ட்ப்பா. பிரியுற சைடுல இருந்து பார்த்து செக் பண்ணிட்டேன்."

கொக்கியும் அதேதான். அவள் தலையில் கையை வைத்தேன். அவள் விலகவில்லை.

7

நானும் அவளும் தரையில் உட்கார்ந்து மாட்டினோம். அண்ணன் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது பாயின்ட் பொருந்தியதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். செல்வி அன்றைக்குச் சுண்டல், வடை, பாயசத்தோடு சமைத்திருந்தாள். கேரியரையே எடுக்கவில்லை. இன்று தட்டில் சாப்பிடுவார் என்றாள்.

பொழுது சாய்ந்தது. ஓசூர் லைனில் ஹாரன் கேட்டது.

அண்ணன் எழுந்தார். தோளிலிருந்து டவலை எடுத்து விரலில் சுற்றி, கடுகளவு இருந்த பிளாஸ்டிக் லீவரை ஒரு காலை முன்னால் ஊன்றிக்கொண்டு தள்ளினார். பாசஞ்சர் பிரிந்து லூப்புக்குள் வந்தது. கையைக் காட்டினார், நான் நிறுத்தினேன். லீவரைத் திரும்ப நேராக்கினார். மெயின் லைன் காலி. ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். ஹாரன் இன்னொரு முறை கேட்டு, தேய்ந்து, போயிற்று.

"பாஸ் ஆயிடுச்சி" என்றார்.

அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. காவ்யா கைதட்டினாள். செல்வி தட்டை எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்றார்.

"வாங்க சார். மெயின் கிளியர். லூப்ல பாசஞ்சர் நிக்குது. எக்ஸ்பிரஸ் தாண்டியாச்சி. வேற வண்டி எதுவும் இல்ல. சார்ஜ் எடுத்துக்குங்க."

டவலை மடித்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

"வரேன் சார்" என்று அறையை விட்டு வெளியே நடந்தார். ஹாலில் தட்டோடு செல்வி நின்றாள்.

"மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க."

"இல்லம்மா. டியூட்டி முடிஞ்சிடுச்சி, வீட்ல போய் சாப்பிட்டுக்கறேன். தம்பி ஒண்டியா இருப்பான். நான் போனாத்தான் சாப்பிடுவான் அவன், பிடிவாதக்காரன்."

"அண்ணா, நான்தாண்ணா தம்பி" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் நரைத்த மீசையைப் பார்த்தார். "விளையாடாதீங்க சார். சின்னப் பையன் அவன்" என்று சொல்லிவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளைத் தடவ ஆரம்பித்தார்.

8

தீபாவளி நெருங்கிவிட்டது. காவ்யா ஒரு வாரம் கூடுதலாக இருந்து பார்த்துவிட்டுப் புனேக்குத் திரும்பிப் போனாள். போகும்போது, "நான் அத கொண்டுவந்தது தப்பாப்பா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

அண்ணன் இப்போது நாற்காலியில் உட்காருவதில்லை. காலையிலிருந்து வாசற்கதவுதான். டிபன் கேரியரைக் காட்டினால், அது அடுத்த ஷிப்ட்காரருடையது என்கிறார். தட்டைக் காட்டினால், வீட்டில் போய்ச் சாப்பிடுவதாகச் சொல்கிறார். முன்பு நாலு வாயாவது இறங்கியது. இப்போது செல்வி கஞ்சியை ஸ்பூனில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறாள், போகிற வழிக்குக் குடித்துவிட்டுப் போங்கள் மாமா என்று கெஞ்சுகிறாள். இரண்டு முறை லிஃப்டில் இறங்கி கேட்டுவரை போய்விட்டார். செக்யூரிட்டி மஞ்சுநாத் "அங்கிள், எல்லிகெ ஹோக்தீரா?" என்று கேட்டாராம். இவர் தமிழில், குவார்ட்டர்ஸுக்கு என்றாராம். எந்த குவார்ட்டர்ஸ்? அதை இடித்துவிட்டதை ஊரிலிருந்து நீங்களே எனக்குப் போன் செய்து சொன்னீர்கள். அவருக்கு நான் எந்த வீட்டைக் காட்டுவது?

நேற்று மத்தியானம் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பாயின்ட்டையும் கழற்றினேன். வருஷம் முழுக்கத் தேடியதைக் கழற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் பழைய நேர் துண்டுகளை மாட்டினேன். லூப் இல்லை. பாசஞ்சரை மெயின் லைனில் ஓடவிட்டேன். செல்வி கேரியரில் சோற்றை அடுக்கி நாற்காலி பக்கத்தில் வைத்தாள். வாசலில் நின்றவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தேன்.

சாயங்காலம் ஹாரன் கேட்டது. நான் டவலை அவர் பக்கம் நீட்டினேன்.

"அண்ணா, எக்ஸ்பிரஸ் அவுட்டர்ல நிக்குது. பாசஞ்சர் மெயின்லயே சுத்துது. என்ன செய்யறது, சொல்லுங்க."

அண்ணன் ரயிலைப் பார்த்தார். அது ஒரு சுற்று வந்தது. டவலை வாங்கவில்லை. எழுந்து, என்மேல் இரக்கப்பட்டவர்போல் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நான்தான் சார்ஜ் குடுத்துட்டேனே சார். அது உங்க வண்டி" என்று சொல்லிவிட்டு, கேரியரைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனார்.